ராசியில்லாத பப்பா, ராசியில்லாத ஒப்பந்தமா?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மேலே தெரிவது இது: இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷையர் பக்கம் ஒரு சின்னச் சந்தை ஊர், அதன் நடுத்தெருவில் உங்கள் கடைக்கு அடுத்த கட்டடத்தில் ஒரு சிறிய பப், நீங்கள் வந்த ஏழு வருஷத்தில் நான்கு பேர் எடுத்து நடத்திவிட்டார்கள், ஒவ்வொருவர் வரும்போதும் ஆறு மாசம் கூட்டம், அப்புறம் மறுபடியும் 'வாடகைக்கு' பலகை. அந்த இடத்துக்கே ராசியில்லையா, இல்லை வெள்ளைக்காரர்கள் குடிப்பதை விட்டுவிட்டார்களா என்று கேட்கிறீர்கள். கீழே இருக்கும் கேள்வியைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். பப்பின் சொந்தக்காரக் கம்பெனி ஆள் கடைக்கு வந்து "நீங்களே எடுத்து நடத்தலாமே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் தூக்கம் கெட்டு யோசிப்பது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இதற்குச் சொல்ல முடியாது, அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிட்லண்ட்ஸ் பகுதியில் பப்களின் சரக்கிருப்பை எண்ணிக் கணக்கு போட்டுத் தருவது என் வேலை, பல வருஷமாக. பீப்பாயில் எவ்வளவு வந்தது, கல்லாவில் எவ்வளவு விழுந்தது, நடுவில் எவ்வளவு காணாமல் போனது என்று பார்ப்பது. நான் சொலிசிட்டர் (ஒப்பந்தம், சொத்து பார்க்கும் வக்கீல்) இல்லை. உங்கள் பப்பையோ அதன் ஒப்பந்தத்தையோ கண்ணால் பார்த்ததும் இல்லை. ஆகவே கணக்கு பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம், சட்டம் பற்றிச் சொல்வதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சொலிசிட்டரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும்.

முதலில் ராசி விஷயம். ஒரு சின்ன பப் ஓடுவதும் படுப்பதும் பெரும்பாலும் மூன்றைப் பொறுத்தது: கட்டடம் யாருடையது, என்ன ஒப்பந்தத்தில் கொடுக்கிறார்கள் என்பது முதலாவது, அந்தத் தெருவில் எந்த நேரத்தில் யார் நடமாடுகிறார்கள் என்பது இரண்டாவது, கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர் யார் என்பது மூன்றாவது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் போடுவார்கள். "முந்தைய ஆள் சிரிக்கவே மாட்டான், அதான் போச்சு" என்று ஊர் பேசும். சிரிக்காத ஆள்கள் முப்பது வருஷம் நடத்திய பப்களின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் பலருக்குக் கட்டடம் சொந்தம்.

உங்கள் ஊர் போன்ற ஊர்களின் நடுத்தெருவில் இத்தனை பப்கள் எப்படி வந்தன என்பதே ஒரு கதை. வளைவு வாசலும் பின்னால் முற்றமும் உள்ள பெரிய பழைய கட்டடங்கள் குதிரை வண்டிக் காலத்தவை. குதிரை மாற்றவும் பயணிகள் தங்கவும் கட்டியவை, 1840களில் ரயில் வந்ததும் அவற்றின் பெரும்பிழைப்பு போய்விட்டது. உங்கள் பக்கத்து பப் ஒரு வீட்டின் முன்னறை அளவுதான் என்கிறீர்கள். அப்படிப்பட்ட பலவற்றின் வேர் 1830ஆம் ஆண்டு பீர்ஹவுஸ் சட்டத்தில் இருக்கிறது. வரி செலுத்தும் எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி (பழைய காசு, ஒரு கினி ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) கட்டினால் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம், மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டாம் என்றார்கள். ஜின் குடிப்பதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆயிரக்கணக்கான முன்னறைகள் ராத்திரியோடு ராத்திரியாகக் கடைகளாயின. 1869இல் மறுபடி மாஜிஸ்திரேட்டின் கையில் கொடுத்து இறுக்கினார்கள், 1904இல் கூடுதலாக இருந்த பப்களுக்கு நஷ்டஈடு கொடுத்து மூட ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். பப்கள் மூடுவது நம் காலத்தில் தொடங்கியது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

அந்தச் சின்ன பப்களுக்கு அப்போது வாடிக்கை இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று சந்தை நாள். முதல் உலகப்போரின்போது, வெடிமருந்துத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வரக்கூடாது என்று மதியம் பப்களை மூட வைத்தார்கள். போர் முடிந்தும் அந்த வழக்கம் 1988 வரை இங்கிலாந்தில் நீடித்தது. ஆனால் சந்தை கூடும் நாளில் மட்டும் மதியமும் திறந்திருக்கத் தனி அனுமதி வாங்கலாம். மாடு விற்றவரும் வாங்கியவரும் பேரத்தை முடிக்கும் இடம் பப்தான். இன்னொன்று ஆலைகள். உங்கள் கவுண்டி செருப்பு ஷூ செய்வதில் பேர்போனது, கெட்டரிங், ரஷ்டன், வெலிங்பரோ எல்லாம் அதில் வளர்ந்த ஊர்கள். வெள்ளிக்கிழமை சம்பளக் கவர் கையில் வந்த ஆள் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) பீர் குடித்துவிட்டுப் போனார். மாட்டுச் சந்தைகள் ஊருக்கு வெளியே போயின அல்லது நின்றே போயின, ஷூ ஆலைகள் பெரும்பாலும் மூடின. பப் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது, அதைத் தாங்கிய நடமாட்டம் போய்விட்டது. சந்தைச் சதுக்கம் இன்றும் இருக்கிறது என்பதற்காக அதைச் சுற்றி வியாபாரமும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

சரி, இப்போது முதல் காரணத்துக்கு வருகிறேன், இதில்தான் உங்கள் நான்கு பேரும் அடிபட்டிருப்பார்கள் என்று சந்தேகப்படுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பீர் ஆலைகள் போட்டி போட்டு பப்களை வாங்கின. கட்டடம் ஆலையுடையது, நடத்துபவர் வாடகைக்காரர், அவர் அந்த ஆலையின் பீரை மட்டும் அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்க வேண்டும். இதைத்தான் 'டை' என்கிறார்கள். 1980களில் ஆறு பெரிய ஆலைகளின் பிடியில் நாடே இருந்தது. ஏகபோகங்களை விசாரிக்கும் கமிஷன் 1989இல் அறிக்கை கொடுத்தது, அரசு உத்தரவு போட்டது: 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள், அந்த வரம்புக்கு மேல் உள்ளவற்றில் பாதியை 1992 நவம்பருக்குள் டையிலிருந்து விடுவிக்க வேண்டும். நல்ல எண்ணம்தான். நடந்தது வேறு. ஆலைகள் பப்களை மொத்தமாக விற்றன, வாங்கியவர்கள் பீர் காய்ச்சாத புது வகைக் கம்பெனிகள். அவர்கள் ஆலைகளிடம் மொத்தமாகப் பேசித் தள்ளுபடி விலைக்கு வாங்கி, தங்கள் வாடகைக்காரர்களுக்கு முழு விலைக்குக் கொடுத்தார்கள். எண்டர்பிரைஸ் இன்ஸ், பஞ்ச் டேவர்ன்ஸ் என்ற இரண்டும் 2000களின் நடுவில் ஆளுக்கு 8,000க்கும் மேல் பப்கள் வைத்திருந்தன, அதுவும் வரப்போகும் வாடகையையும் பீர் லாபத்தையும் காட்டி வாங்கிய கடனில். 2008 நெருக்கடி வந்தபோது அந்தக் கடன் கழுத்தைப் பிடித்தது. பஞ்சின் சுமார் 1,900 பப்கள் 2017இல் ஹைனெகன் கைக்குப் போயின, எண்டர்பிரைஸ் பெயர் மாற்றிக்கொண்டு 2020இல் ஸ்டோன்கேட்டிடம் போனது. நடுத்தெருவில் பலகை மாறாமல் நின்ற ஒரு சின்ன பப்புக்கு, மேலே முதலாளி முப்பது வருஷத்தில் நாலைந்து முறை மாறியிருக்கலாம்.

இந்த டை உங்கள் பக்கத்து பப்புக்கு என்ன செய்கிறது என்று ஒரு பைன்ட்டை வைத்துப் பார்ப்போம். 5 பவுண்டுக்கு விற்கிறீர்கள். அதில் 83 பென்ஸ் வாட் (விற்பனை வரி), உங்கள் கையில் 4.17. ஒரு கெக் (பீர் வரும் உலோகப் பீப்பாய்) என்பது 11 காலன், 88 பைன்ட். மதுவரி சேர்த்து, வாட் இல்லாமல், அந்த கெக் வெளியில் 150 பவுண்டுக்குக் கிடைக்கிறது, டை ஒப்பந்தத்தில் அதே பீர் 210 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள் (விலை பிராண்டுக்குப் பிராண்டு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இது கணக்குப் புரிவதற்காக மட்டும்). வெளியில் வாங்கினால் பைன்ட்டுக்கு 1.70, டையில் 2.39. மிச்சம் முறையே சுமார் 2.46, 1.78. குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 ஆனது. அதாவது பாரில் ஒருவர் ஒரு மணி நேரம் நிற்கும் சம்பளத்துக்கே டை இல்லாதவர் 5 பைன்ட் விற்க வேண்டும், டையில் இருப்பவர் 7. இதற்குப் பிறகுதான் வாடகை, பிசினஸ் ரேட்ஸ் (வியாபாரக் கட்டடத்துக்கான வரி), கரண்ட், இன்ஷூரன்ஸ், பாட்டுப் போடுவதற்கான லைசன்ஸ், கால்பந்து காட்டுகிற சந்தா, குழாய் கழுவிக் கொட்டிய பீர். வாரத்துக்கு எட்டு கெக் போகும் பப் என்றால் அந்த 60 பவுண்ட் வித்தியாசம் மட்டும் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 25,000. ஒரு ஆள் சம்பளம் அது.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டை ஒப்பந்தத்தில் வாடகை குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் பேரம், சில கம்பெனிகள் அதை மதிக்கவும் செய்கின்றன. கட்டடத்தைப் பழுதுபார்க்கிறார்கள், பணம் போட்டுப் புதுப்பிக்கிறார்கள். கையில் பெரிய முதல் இல்லாத ஒருவர் இவ்வளவு குறைந்த பணத்தில் ஒரு வியாபாரத்துக்குள் நுழைய வேறு வழி இந்த நாட்டில் அதிகம் இல்லை. குடும்ப ஆலைகளின் கீழ் டையில் நிம்மதியாக நடத்துபவர்களும் எனக்குத் தெரிந்தவர்களில் உண்டு. டை என்றாலே கொள்ளை என்று பேசுபவர்களோடு நான் முழுதாக ஒத்துப்போக மாட்டேன். ஆனால் வாடகையும் அதிகம், பீர் விலையும் அதிகம், பழுதுச் செலவும் உங்களுடையது என்று மூன்றும் ஒன்றாக வரும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன, அவை யார் எடுத்தாலும் தேறாது.

இப்போது அந்த ஆறு மாசக் கூட்டம். புதிதாக வருபவர் வெள்ளை அடிக்கிறார், கோபித்துக்கொண்டு போன பழைய வாடிக்கைக்காரர்கள் எட்டிப்பார்க்க வருகிறார்கள், அது உண்மையான கூட்டம்தான். ஆனால் கல்லாவில் நிற்கும் பணம் உண்மையானது இல்லை. வாட் மூன்று மாசத்துக்கு ஒருமுறை, அதுவும் அந்தக் காலாண்டு முடிந்து ஒரு மாசம் ஏழு நாள் கழித்துத்தான் கட்ட வேண்டும். அதுவரை அரசாங்கத்தின் ஆறில் ஒரு பங்கு உங்கள் வங்கிக் கணக்கில் லாபம் போல உட்கார்ந்திருக்கும். அதோடு பல கம்பெனிகள் வாடகையைப் படிப்படியாக ஏற்றும்: முதல் வருஷம் சலுகை, இரண்டாம் வருஷம் கொஞ்சம் கூட, மூன்றாம் வருஷம் முழுசு. ஏழு வருஷத்தில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு இரண்டு வருஷத்துக்கும் குறைவு. சலுகை தீர்ந்து முழு வாடகை நெருங்கும் நேரத்தில் சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் ஊகிக்கிறேன். ஊகம்தான், உங்கள் பப்பின் காகிதத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் இதே அச்சில் பார்த்த பப்கள் நிறைய, நீங்கள் ராசி என்று சொல்வதை நான் அந்த வாடகைப் பட்டியலில் தேடுவேன். இன்னொன்று, முதல் வருஷம் கணவனும் மனைவியும் சம்பளமில்லாமல் வாரம் ஏழு நாளும் நிற்பார்கள், இரண்டாம் வருஷம் உடம்பு கேட்காது, ஆள் வைத்தால் கணக்கு இடிக்கும்.

அடுத்து தெரு. 1990களில் நடுத்தெருக்களின் நிலைமையை மாற்றியது பெரிய பார்கள். டிம் மார்ட்டின் 1979இல் வட லண்டனில் ஒற்றை பப்பாகத் தொடங்கிய வெதர்ஸ்பூன், காலியான வங்கிகள், சினிமாக் கொட்டகைகள், தபால் நிலையங்களை எடுத்து ஊர் ஊராக நுழைந்தது. காலையிலேயே திறப்பார்கள், காபியிலிருந்து இரவுச் சாப்பாடு வரை, பீர் விலை உங்கள் பக்கத்து பப்பைவிட நிச்சயம் குறைவு. வயதானவர்களும் மாணவர்களும் அங்கே போனார்கள். வெள்ளி, சனி இரவில் இளவட்டங்கள் நாற்காலியே இல்லாத பெரிய பார்களுக்குப் போனார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது முன்னறை அளவு பப். அப்புறம் வங்கிக் கிளைகள் மூடின, கவுன்சில் ஆபீஸ் ஊருக்கு வெளியே போனது, வேலை முடிந்து ஒன்று போட்டுவிட்டுப் போகும் கூட்டம் கரைந்தது. மூடிய ஆபீஸ்களைப் பிளாட்டாக மாற்ற 2013இலிருந்து வழியை எளிதாக்கினார்கள், ஆகவே இப்போது மாடியில் ஆள் குடியிருக்கிறார், பத்து மணிக்குப் பாட்டுச் சத்தம் என்று கவுன்சிலுக்குப் புகார் எழுதுகிறார்.

இதில் நீங்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது: உங்கள் கடையின் ஃபிரிட்ஜும் ஒரு காரணம். ஒரு பைன்ட் விலைக்கு உங்களிடம் நாலு கேன் கிடைக்கிறது. சூப்பர்மார்க்கெட்டில் இன்னும் மலிவு. நாடு முழுக்க பப்பில் விற்ற பீரைவிட வீட்டுக்கு எடுத்துப்போகும் பீர் அதிகமானது 2010களின் நடுவில், அதற்குப் பிறகு அது திரும்பவே இல்லை. வெள்ளைக்காரர்கள் குடிப்பதை நிறுத்தவில்லை, சோபாவுக்கு மாறிவிட்டார்கள். இளைஞர்கள் முந்தைய தலைமுறையைவிடக் குறைவாகக் குடிக்கிறார்கள் என்பதும் உண்மைதான், ஆனால் உங்கள் ஊரில் ஒரு முன்னறை பப்புக்கு எப்போதுமே இருபது வயதுக்காரர்கள் முக்கிய வாடிக்கை இல்லை.

புகைத் தடை பற்றி ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் பப்புக்குள் சிகரெட் கூடாது. அதுதான் பப்களைக் கொன்றது என்று பழைய ஆள்கள் சத்தியம் செய்வார்கள். பின்புறம் முற்றமோ தோட்டமோ இல்லாத நடுத்தெரு பப்களில் அடி பட்டது நிஜம், அதை நான் கணக்கிலேயே பார்த்தேன். ஆனால் அடுத்த வருஷமே பொருளாதாரம் கவிழ்ந்தது, அதே 2008இலிருந்து ஐந்து வருஷம் பீர் வரியை விலைவாசியைவிட வேகமாக ஏற்றினார்கள். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்ததில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. மொத்தத்தில் 1980 வாக்கில் பிரிட்டனில் சுமார் 69,000 ஆக இருந்த பப்கள் இப்போது 45,000 அளவில் நிற்கின்றன. 2020 மார்ச் 20இல் எல்லாவற்றையும் மூடச் சொன்னதும், 2022இல் கரண்ட் பில் எகிறியதும் (வீடுகளுக்கு இருந்த விலை உச்சவரம்பு வியாபாரத்துக்கு இல்லை) உங்களுக்கே தெரியும், நீங்களும் கடை வைத்திருப்பவர்.

ரேட்ஸில் மட்டும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, கடைக்காரர்களுக்கு அது புதிதாக இருக்கும். உங்கள் கடைக்கு மதிப்புப் போடுவது சதுர அடியை வைத்து. பப்புக்குப் போடுவது அந்த இடத்தில் நியாயமாக எவ்வளவு வியாபாரம் நடக்கும் என்பதை வைத்து. இடம் சின்னது என்பதால் ரேட்ஸும் குறைவாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் தொகை வரும், இன்றைக்கே பாருங்கள்.

இவ்வளவும் படித்தால் ஓடிவிடத் தோன்றும், ஆனால் கடந்த இருபது வருஷத்தில் இந்தச் சின்ன அளவே பலமாக மாறிய இடங்களும் இருக்கின்றன. கென்ட்டில் ஹெர்ன் என்ற கிராமத்தில் 2005இல் மார்ட்டின் ஹில்லியர் என்பவர் ஒரு பழைய இறைச்சிக் கடைக்குள் புட்சர்ஸ் ஆர்ம்ஸ் என்ற பப்பைத் திறந்தார். டிவி இல்லை, பாட்டு இல்லை, சமையல் இல்லை, சில பீப்பாய் ஏல் (ஒரு வகை பீர்), பேச்சு, அவ்வளவுதான். அதே வருஷ நவம்பரில் நடைமுறைக்கு வந்த புது லைசன்ஸ் சட்டம் லைசன்ஸ் கொடுக்கும் வேலையை மாஜிஸ்திரேட்டிடமிருந்து கவுன்சிலுக்கு மாற்றியது. எங்கள் வியாபாரம் கெடும் என்று சொல்லி ஊரிலுள்ள பழைய பப்கள் தடுக்க முடியாமல் போனது. ஹில்லியரின் பப்பைப் பார்த்து நாடெங்கும் மைக்ரோபப் என்ற குட்டி பப்கள் நூற்றுக்கணக்கில் வந்தன, பெரும்பாலும் காலியான கடைகளில். கடை காலியானதால் வாடகை மலிவு, மதிப்பு 12,000 பவுண்டுக்குள் இருந்தால் சிறு வியாபாரச் சலுகையில் ரேட்ஸே இல்லை, ஒரே ஆள் பார்த்துக்கொள்ளலாம், டை இல்லாததால் எங்கே வேண்டுமானாலும் பீர் வாங்கலாம். நான் மேலே போட்ட கணக்கின் ஒவ்வொரு வரியும் அங்கே வேறாக இருக்கிறது. பல ஊர்களில் ஒரே தெருவில் டை பப் மூடிக் கிடக்க, நாலு கதவு தள்ளி அதைவிடச் சின்ன மைக்ரோபப் நிரம்பி வழிவதைப் பார்க்கலாம். குடிக்க ஆளில்லை என்பது முழுக் காரணமாக இருந்தால் இது நடக்காது.

ஊர்க்காரர்களே சேர்ந்து வாங்குவதும் உண்டு. கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தின் ஓல்ட் கிரவுன் 2003இலிருந்து கூட்டுறவு. தென்கிழக்கு லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸை 2013இல் அக்கம்பக்கத்தார் பங்கு போட்டு வாங்கினார்கள். இடித்துவிட்டுப் பிளாட் கட்டுவதும் முன்போல சுலபமில்லை, 2017இலிருந்து இங்கிலாந்தில் பப்பை வேறாக மாற்றவோ இடிக்கவோ திட்ட அனுமதி கட்டாயம். லண்டன் கில்பர்னில் கார்ல்டன் டேவர்னை 2015இல் அனுமதியில்லாமல் இடித்த கம்பெனியை, இருந்தது இருந்தபடியே செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்ட வைத்தார்கள், 2021இல் திறந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பக்கத்துக் கட்டடத்தைக் கம்பெனி நினைத்தபடி பிளாட்டாக்கி விற்க முடியாது. காலியாகக் கிடந்தால் அவர்களுக்கும் காசு போகிறது. பக்கத்துக் கடைக்காரரிடம் வந்து கேட்கிறார்கள் என்பதே அவர்களுக்கு ஆள் தேவைப்படுகிறது என்பதற்கு அடையாளம். பேரத்தில் உங்கள் கை தாழ்ந்தது இல்லை.

உங்களுக்குச் சாதகம் என்ன? பக்கத்திலேயே கடை, தெருவை மணிக்கு மணி தெரியும், மது விற்பதற்கான பெர்சனல் லைசன்ஸ் ஏற்கெனவே வைத்திருந்தால் அது பப்புக்கும் செல்லும். பாதகம் என்ன? நம் ஆள்களுக்குக் கை போகும் இடம் கேஷ் அண்ட் கேரி என்ற மொத்த விற்பனைக் கடை. சலுகை விலையில் பார்த்தால் வாங்கிப் போடுவோம், கடை வியாபாரத்தில் அதுதான் திறமை. டை ஒப்பந்தத்தில் அதே காரியம் ஒப்பந்த மீறல். பல கம்பெனிகள் செல்லரில் (பீர் வைக்கும் நிலவறையில்) குழாய்களில் மீட்டர் வைத்து எத்தனை பைன்ட் ஓடியது என்று எண்ணுகின்றன, அவர்கள் அனுப்பிய பீரைவிட அதிகம் ஓடியிருந்தால் கேள்வி கேட்டுக் கடிதம் வரும், அபராதம் வரை போகலாம். இதில் சிக்கிய நம்மவர் ஒருவரின் கணக்கைப் பார்த்திருக்கிறேன், நல்ல வியாபாரி அவர், ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை.

ஆகவே சரி என்று சொல்வதற்கு முன் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்: கடந்த நான்கைந்து வருஷத்தில் இந்த பப்புக்கு வருஷா வருஷம் எத்தனை பீப்பாய் அனுப்பினீர்கள்? இது அவர்களிடம் துல்லியமாக இருக்கும். "நல்லா ஓடுற இடம் சார்" என்ற பேச்சுக்கு இந்த ஒரு எண் போதும். வாடகை எப்படி ஏறும், பழுதுபார்ப்பது யார், வெளியேறும்போது கட்டடத்தை எந்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பவற்றை சொலிசிட்டர் பார்க்கட்டும். 500 அல்லது அதற்கு மேல் டை பப்கள் வைத்திருக்கும் கம்பெனி என்றால் 2016இல் வந்த பப்ஸ் கோட் என்ற சட்ட விதிகள் பொருந்தும். வாடகை மறுபரிசீலனை போன்ற சில கட்டங்களில் டையை உதறிவிட்டுச் சந்தை வாடகை மட்டும் கட்டும் வழியைக் கேட்கலாம். ஆனால் குறுகிய காலத் தற்காலிக ஒப்பந்தங்களுக்கு அந்த உரிமை கிடைக்காது, உங்களுக்கு நீட்டியது எது என்று பாருங்கள். வாடகை இல்லாமல், விற்பனையில் இத்தனை சதவீதம் உங்களுக்கு, ஆள் சம்பளம் உங்கள் பொறுப்பு என்றும் ஒரு வகை உண்டு. அதில் நுழைவுச் செலவு குறைவு, ஆனால் குறைந்தபட்சச் சம்பளம் ஏறும்போதெல்லாம் அது உங்கள் பங்கிலிருந்துதான் போகும். நான்கு பேரில் ஒருவரையாவது தேடிப்பிடித்துப் பேசுங்கள், சிறிய ஊர், கண்டுபிடித்துவிடலாம்.

என் எண்ணத்தைக் கேட்டால், சொன்ன பீப்பாய்க் கணக்கும் பழுதுப் பொறுப்பும் ஒத்துவராமல் நீண்ட லீஸ் எடுக்காதீர்கள், வீட்டையோ கடையையோ ஈடாக வைத்துத் தனிப்பட்ட ஜாமீன் போடவே போடாதீர்கள். கம்பெனி கட்டடத்தை விற்கத் தயாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அல்லது டை இல்லாத வாடகைக்குக் கொடுப்பார்களா என்று. அந்த அளவு இடத்தை, சமையலறை எதுவும் இல்லாமல், நாலைந்து குழாயோடு, திங்கள் செவ்வாய் மூடிவைத்து, மாலையில் மட்டும் நடத்தினால் கணக்கு வேறு மாதிரி வரும். ரெண்டுக்கும் மாட்டேன் என்றால் உங்கள் கடையே போதும். பீப்பாய் எண்ணிக்கையும் ரேட்ஸ் மதிப்பும் கைக்கு வந்தால் இங்கேயே போடுங்கள், கம்பெனி பெயரை மட்டும் விட்டுவிட்டு, வாரக் கணக்கு எப்படி வரும் என்று போட்டுக் காட்டுகிறேன்.